நான்காம் நிலையைக் கணித்த மேதை மேகநாத் சாகா

பனிக்கட்டி நீராவதையும் நீர் ஆவியாவதையும் நம் சிறுவர்கள் தொடக்க வகுப்புகளிலேயே பயில்கின்றனர். பொருள்களின் நிலை மாற்றத்தைக் கதிரவன் வரையிலும் விண்மீன்கள் வரையிலும் கொண்டு சென்று கணக்கிட்டுக் காட்டியவர் ஓர் இந்தியர் என்பதையும், அவர் உடன் பயின்றோரால் உணவுப் பந்தியில் ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்பதையும் நம் இளைஞருள் பலர் அறியார். அம்மேதையின் வாழ்க்கையை இவ்வெள்ளி விழா மலரில் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் டாக்கா மாவட்டத்துச் சிற்றூராகிய சேவரத்தலியில் மேகநாத் சாகா பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. தந்தையார் ஜகந்நாத் சாகா சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். மக்கள் எண்மருள் ஐந்தாமவர் நம் சாகா. தொடக்கக் கல்வி முடிந்ததும் பையன் கடையில் அமரட்டும் என்பதே தந்தையாரின் எண்ணம். மேல் வகுப்புப் பள்ளியோ பல கல் தொலைவிலுள்ள சிமுலியாவில் இருந்தது. அங்கிருந்த மருத்துவர் அனந்த குமார் தாஸ் தம் இல்லத்தில் உணவும் இடமும் அளித்தார். ஆயினும் சாகா தாம் உண்ட கலத்தைத் தாமே கழுவ வேண்டும். மாட்டையும் பேண வேண்டும். சணல் ஆலையில் பணிபுரிந்த தமையனார் தம் சிறு ஊதியத்தினின்று திங்கள்தோறும் 5 ரூபாய் அனுப்பினார். பஞ்சாலையில் உழைத்துத் தம்பியரைப் படிக்க வைத்த அண்ணன்மார் பலரைக் கண்ட கோவை மக்களுக்கு இச்செய்தியின் அருமை நன்கு விளங்கும்.

தேர்வில் மாவட்ட முதன்மை பெற்ற சாகா, உதவித் தொகையுடன் 1905-இல் டாக்கா அரசுப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது வங்கப் பிரிவினையை எதிர்த்து நாடே கொந்தளித்தது. ஆளுநரின் வருகையை மாணவர்கள் புறக்கணித்ததன் விளைவாகச் சாகா பள்ளியினின்று நீக்கப்பட்டார். உதவித் தொகையும் பறிபோயிற்று. அவர் கல்வியைக் கைவிடவில்லை. வேறொரு பள்ளியில் பயின்று, 1909-இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்காளத்திலேயே முதலிடம் பெற்றார்.

1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியை அடைந்தார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். சத்தியேந்திரநாத் போஸ் வகுப்புத் தோழர். இத்தகைய அறிஞர் கூட்டத்தின் நடுவே, மாணவர் விடுதியில் மேல்சாதி மாணவர் சிலர் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தனர். சரசுவதி பூசையிலும் அவரைச் சேர்க்கவில்லை. சாகா பட்டியல் இனத்தவர் அல்லர். தாழ்ந்ததாகக் கருதப்பட்ட வணிகக் குலத்தவர். எனினும் அவர் பட்ட அவமதிப்பை நாம் எளிதில் உணர இயலும். அந்த அவமதிப்பு அவரை முடக்கவில்லை. 1915-இல் முதுகலைத் தேர்வில் போஸ் முதலிடமும் சாகா இரண்டாமிடமும் பெற்றனர்.

இனி அவர்தம் அரிய கண்டுபிடிப்பைக் காண்போம். திண்மத்தில் துகள்கள் தத்தம் இடத்திலேயே நின்று அதிர்கின்றன. நீர்மத்தில் ஒன்றையொன்று விட்டு அகலாது இடம் பெயர்கின்றன. வாயுவில் தளையறுந்து எத்திசையும் பாய்கின்றன. நம் கோவை வார்ப்பாலைகளில் வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகி அச்சுகளில் நீர்போல் பாய்கிறது. வெப்பம் இன்னும் பன்மடங்கு ஏறினால் இரும்பும் வாயுவாகும். அதற்கும் மேல் ஏறினால், துகள்கள் மோதும் வேகத்தில் அணுவிலிருந்து எலக்ட்ரான்களே பிரிந்து ஓடும். எஞ்சியது அயனி எனப்படும். இவ்வாறு அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த நிலையே பொருளின் நான்காம் நிலையாகிய பிளாஸ்மா. மின்பற்றவைப்புச் சுடரில் நாம் காண்பதும் அதுவே.

எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் அயனியாகும் என்பதைக் கணிக்கும் சமன்பாட்டைச் சாகா 1920-இல் வெளியிட்டார். அழுத்தம் குறைந்த இடத்தில் துகள்கள் விலகி நிற்கும். பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் அயனியைச் சேர்வது அரிது. ஆகவே அங்கே அயனிகள் மிகும். கதிரவனின் உயர்ந்த அடுக்குகளில் கால்சிய அயனிகள் மிகுந்திருப்பதன் காரணம் இதனால் விளங்கிற்று. எலக்ட்ரானை எளிதில் இழக்கும் ருபிடியத்தின் அடையாளம், வெப்பம் குறைந்த கதிரவப் புள்ளிகளில் தென்படும் என்றும் அவர் முன்னுரைத்தார். அமெரிக்க வானியலார் ரசல் அதனை அவ்வாறே கண்டறிந்தார். விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜனே என்று 1925-இல் செசிலியா பெயின் கணித்ததும் சாகாவின் சமன்பாட்டைக் கருவியாகக் கொண்டேயாம்.

1923 முதல் 15 ஆண்டுகள் அலகாபாத்தில் பேராசிரியராக விளங்கிய சாகா, 1927-இல் இலண்டன் இராயல் கழக உறுப்பினரானார். நோபல் பரிசுக்குப் பன்முறை முன்மொழியப்பட்டும் அது கிட்டவில்லை. அவர் ஆய்வுக் கூடத்தோடு அமைந்துவிடவில்லை. தாமோதர் ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்த குழுவில் இடம்பெற்றார். அத்திட்டத்தை அன்றைய நடுவண் அரசின் தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்து முன்னெடுத்துச் சென்றவர் அண்ணல் அம்பேத்கர் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது. 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவாயிற்று. 1952-இல் சாகா சுயேச்சையாக மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். அதன் பரிந்துரைப்படி 1957-இல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதனைக் காண அவர் இல்லை. 1956 பிப்ரவரி 16-ஆம் நாள், தில்லியில் திட்டக்குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் உயிர் நீத்தார். அவர் நிறுவிய அணுக்கரு இயற்பியல் நிறுவனம் கல்கத்தாவில் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அன்பிற்குரிய இளைஞர்களே, சாகா இடையில் நின்றுவிடாமல் காத்தவை ஒரு மருத்துவரின் திண்ணையும், ஒரு தமையனின் 5 ரூபாயும், ஓர் உதவித் தொகையும் ஆகும். அவற்றுள் ஒன்று குறைந்திருப்பினும் அவர் மளிகைக் கடையோடு நின்றிருக்கக் கூடும். நம் கழகம் 25 ஆண்டுகளாகச் செய்துவரும் பணியின் பொருளும் இதுவே. பயின்று பணியில் அமர்ந்தோர் பின்வரும் ஒரு மாணவரின் கட்டணத்தையேனும் ஏற்றுக் கொள்ளுங்கள். பயில்வோர் அறிவியலை அஞ்சி ஒதுக்காதீர்கள். பந்தியில் இடம் மறுத்தோரின் பெயரை இன்று எவரும் அறியார். சாகாவின் பெயரை வானியல் பயில்வோர் அனைவரும் அறிவர்.