விமான இறக்கையின் நுனி ஏன் வளைஞ்சிருக்கு? காற்றோடு வாழ்ந்த ரிச்சர்ட் விட்காம்பின் கதை!

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும்போது பஸ் ஜன்னல் வழியா வானத்தைப் பாருங்க. வயல்வெளிக்கு மேலே இறக்கையை அசைக்காமலேயே பருந்து வட்டமிடும். இறக்கை நுனியில் இறகுகள் விரல்கள் மாதிரி விரிந்து, மேல்நோக்கி வளைந்திருக்கும். அடுத்த முறை சென்னையில் விமானம் ஏறும்போது அதன் இறக்கையைக் கவனிங்க. பல விமானங்களில் நுனி அப்படித்தான் நிமிர்ந்து நிற்கும். இதன் பெயர் 'விங்லெட்'. இதை உருவாக்கியவர் ரிச்சர்ட் விட்காம்ப்.

1921-ல் அமெரிக்காவின் எவன்ஸ்டனில் பிறந்தவர். சின்ன வயசிலேயே மாதிரி விமானங்கள் செய்வதில் அவ்வளவு ஆர்வம். 1943-ல் இன்ஜினீயரிங் முடித்த கையோடு லாங்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காற்றுச் சுரங்கம்தான் அவருக்கு வீடு மாதிரி. மாதிரி இறக்கையைத் தானே அரத்தால் ராவி, மறுபடி காற்றில் வைத்துப் பார்ப்பார். ஒலி வேகத்தை நெருங்கும் விமானத்தின் உடலை நடுவில் ஒடுக்கினால் காற்றின் தடை குறையும் என்று கண்டறிந்ததற்காக, 1954-ம் ஆண்டுக்கான காலியர் விருது கிடைத்தது.

1973-ல் பெட்ரோலிய விலை எகிறியது. எரிபொருளை மிச்சம் பிடிச்சே ஆகணும் என்ற நிலை. விட்காம்பின் பார்வை இறக்கை நுனிக்குத் திரும்பியது.

பறக்கும்போது இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால் கீழேயுள்ள காற்று நுனியைச் சுற்றி மேலே ஏறி, சுழலாக மாறும். அந்தச் சுழலை உண்டாக்கும் சக்தியும் இன்ஜினிலிருந்துதான் போகணும். அதாவது, எரிபொருள் வீண். இறக்கையை நீட்டினால் சுழல் குறையும். ஆனால் எடை கூடும், விமான நிலையத்தில் நிறுத்த இடம் போதாது.

நுனியில் தட்டையான தகடு வைக்கும் யோசனைக்கு 1897-லேயே இங்கிலாந்தின் லான்செஸ்டர் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் வெறும் தகடு தன் பங்குக்குக் காற்றைத் தடுக்கும். மிதக்கும் பறவைகளின் நுனி இறகுகள் பற்றிய ஒரு கட்டுரை விட்காம்பை யோசிக்க வைத்தது. தகடுக்குப் பதில், கோணமும் வளைவும் கணக்கிட்ட ஒரு குட்டி இறக்கையையே நுனியில் நிறுத்தினார். சுழலும் காற்றிலிருந்தே முன்னோக்கிக் கொஞ்சம் உந்துதலும் கிடைத்தது!

1976-ல் ஆய்வு முடிவை வெளியிட்டார். 1979, 80-ல் நாசாவும் அமெரிக்க விமானப்படையும் கேசி-135 விமானத்தில் பொருத்திப் பார்த்தபோது, 6 சதவிகிதத்துக்கும் மேல் எரிபொருள் மிச்சமானது.

1980-ல் ஓய்வு பெற்ற விட்காம்ப், 2009-ல் 88 வயதில் காலமானார். இன்று ஏர்பஸ் ஏ320-ல் நாம் பார்க்கும் 2.4 மீட்டர் உயர 'ஷார்க்லெட்'டும் இதே குடும்பம்தான். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் நம்ம ஊர்ப் பிள்ளைகளின் பயணத்திலும், அந்த மனிதர் மிச்சப்படுத்திய எரிபொருள் இருக்கு.