சுபேதார் ராம்ஜி ஊர் திரும்பிய கதை

ராம்ஜி மாலோஜி சக்பால் என்றால் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று தெரியாது. அண்ணல் அம்பேத்கரின் அப்பா என்றால் தெரியும். ஏப்ரல் 14 அன்று நம் ஊர் மேடைகளில் அவர் பெயர் ஒரு வரியில் வந்து போய்விடுகிறது. அவருக்கென்று தனியாக ஒரு வாழ்க்கை இருந்தது. திருத்தணி, அரக்கோணம், வேலூர் வட்டாரத்தில் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம். ஏனென்றால், அது பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த ஒரு தலித்தின் வாழ்க்கை.

மகாராட்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்திலுள்ள ஆம்படவே அவருடைய பூர்வீக ஊர். மகார் சமூகம். ஊருக்கு ஏவல் செய்வதும் செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும்தான் அந்தச் சமூகத்துக்கு விதிக்கப்பட்ட பரம்பரை வேலைகள். ராம்ஜியின் அப்பா மாலோஜி அதை உதறிவிட்டுக் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்தார். மகனும் அதே வழியில் போனார். மனைவி பீமாபாயும் பட்டாளத்துக் குடும்பத்துப் பெண்தான்.

பட்டாளம் ராம்ஜிக்குச் சம்பளத்தோடு எழுத்தையும் கொடுத்தது. அன்றைய ராணுவத்தில் சிப்பாய்களின் பிள்ளைகள் படித்தே ஆகவேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் விலக்கு கிடையாது. ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திண்ணையைக்கூட மிதிக்க முடியாத சமூகத்திலிருந்து வந்தவர், ராணுவப் பள்ளியில் ஆசிரியராகி, தலைமையாசிரியராகவும் உயர்ந்தார். சுபேதார் பதவியும் வந்தது. மத்திய இந்தியாவின் மாவ் ராணுவக் குடியிருப்பில் அவர் இருந்தபோதுதான், 1891இல், பதினான்காவது பிள்ளையாக பீம் பிறந்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் ராம்ஜி ஓய்வுபெற்றார். அதையொட்டிய காலத்தில்தான் மகார்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதையும் வெள்ளைக்கார அரசு நிறுத்தியது. சில சாதிகளுக்குத்தான் போர்க்குணம் உண்டு என்று ஆங்கிலேயத் தளபதிகள் ஒரு கணக்குப் போட்டார்கள். தங்களுக்காக மூன்று தலைமுறை ரத்தம் சிந்தியவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. நம் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களையும் தளபதி ராபர்ட்ஸ் அப்படித்தான் மட்டம் தட்டினார். பறையர் சமூகத்தவர் பலர் பணிசெய்த மெட்ராஸ் பயனியர்ஸ் படை 1933இல் கலைக்கப்பட்டதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

ராம்ஜி குடும்பத்தோடு தாபோலியில் குடியேறினார். பென்ஷன் வாங்கும் மகார் சிப்பாய்கள் நிறையப் பேர் இருந்த ஊர் அது. அவர்களில் ஒருவரான கோபால் பாபா வலங்கர், மூடிய கதவைத் திறக்கச் சொல்லி 1894இல் ராணுவத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். ராம்ஜியும் நீதிபதி ரானடேயைப் பார்த்து, அவர் உதவியோடு இதே கோரிக்கையை முன்வைத்ததாக அம்பேத்கரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தங்கள் பிழைப்பு முடிந்துவிட்டது, பென்ஷன் வருகிறது என்று இவர்கள் ஓய்ந்து உட்காரவில்லை. பின்னால் வரும் பையன்களுக்காக மனு எழுதினார்கள்.

தாபோலியிலும் நிலைக்க முடியவில்லை. பென்ஷன் மட்டும் போதாமல் வேலை தேடி சாத்தாராவுக்குப் போனார். அங்கே பீமாபாய் இறந்துபோனார். அத்தை மீராபாய்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். பட்டாளத்தில் சல்யூட் வாங்கிய சுபேதாரின் வீட்டுப் பிள்ளைகளுக்கு முடிவெட்ட சாத்தாராவில் ஒரு நாவிதரும் வரவில்லை. அக்காதான் வெட்டிவிட்டார். பள்ளியில் பீம் உட்கார வீட்டிலிருந்து சாக்குத் துணி எடுத்துப்போனார்.

பஞ்ச காலத்தில், கோரேகாவ் என்ற ஊரில் (பீமா கோரேகாவ் அன்று, இது வேறு) அரசு ஏரி வெட்டியது. ராம்ஜி அங்கே காசாளர். 1901 கோடை விடுமுறையில் பிள்ளைகளை வரச்சொன்னார். அவர்கள் வரும் நாளைச் சொல்லிப் போட்ட கடிதத்தை வேலைக்காரர் கொடுக்க மறந்துவிட்டார். மசூர் ரயில் நிலையத்தில் புதுச் சட்டையோடு இறங்கிய பிள்ளைகளை முதலில் எல்லோரும் பெரிய இடத்துப் பிள்ளைகள் என்றே நினைத்தார்கள். மகார் என்று தெரிந்ததும் வண்டி கட்ட ஆளில்லை. கடைசியில் இரட்டை வாடகைக்கு ஒருவர் ஒத்துக்கொண்டார். அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார் என்ற ஏற்பாட்டில். இரவெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அந்த வட்டாரத்தில் சுபேதார் பதவிக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

இன்று மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பென்ஷன் சிக்கல், பிள்ளைகளின் படிப்பு உதவி, மறுவேலை என்று அங்கே போய்க் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். ராம்ஜிக்கு அப்படி ஒரு வாசலும் இல்லை. ஆனால் மயானப் பாதை பிரச்சினையையும் டீக்கடைப் பார்வையையும் எந்த அலுவலகத்தில் மனுவாகக் கொடுப்பது? எல்லையில் நின்றுவிட்டு வந்தவர் ஊர் எல்லைக்கு வெளியே ஒதுக்கப்படும்போது, சக படைவீரர்கள் அவருக்காகப் பேசுகிறார்களா என்று நாம் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

1904இல் ராம்ஜி குடும்பத்தைப் பம்பாய்க்குக் கொண்டுபோனார். பரேலில் ஒற்றை அறை. மகன் சீக்கிரம் தூங்கிவிட, அப்பா விழித்திருந்து இரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பார். மகன் புத்தகம் கேட்டால், மணமான மகள்களிடம் போய் நகை வாங்கி அடகு வைப்பார்; பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். கபீர் வழி நடந்த குடும்பம். காலையும் மாலையும் பாட்டும் வாசிப்புமாக இருந்த வீடு. பட்டாளத்துப் பள்ளியை அவர் அந்த ஒற்றை அறைக்குள் மறுபடி நடத்தினார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1913 பிப்ரவரி 2ஆம் தேதி ராம்ஜி பம்பாயில் காலமானார். மகன் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. 1941இல் மகார் ரெஜிமென்ட் உருவானபோது, அரசின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அந்த மகன் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார்.