முற்றுகை நகரின் மேயர்

1947-ம் ஆண்டு எர்னஸ்ட் ராய்ட்டரை மேயராகத் தேர்ந்தெடுத்தது பெர்லின் நகரசபை. ஆனால் ரஷியத் தளபதி சம்மதிக்கவில்லை. நாற்காலி கிடைக்கவில்லை! லூயிஸ் ஷ்ரோடர் என்ற அம்மையார் அந்த வேலையைக் கவனித்தார்.

ரஷியருக்கு ஏன் இந்தக் கோபம்? முதல் உலகப் போரில் ரஷியாவில் கைதியாக இருந்தபோது கம்யூனிஸ்டு ஆனவர் ராய்ட்டர். பிறகு கட்சியை விட்டுப் பிரிந்தார். பிரிந்தவனை எந்தக் கட்சி மன்னிக்கும்? ஹிட்லரும் அவரை விட்டுவைக்கவில்லை. இரண்டு தடவை சிறை முகாம். பின்பு துருக்கியில் தஞ்சம்.

1948 ஜூனில் மேற்கு பெர்லினுக்குப் போகும் ரெயில், சாலை எல்லாவற்றையும் ரஷியர் அடைத்தனர். 20 லட்சம் மக்கள்! மாவும் கரியும் விமானத்தில் வந்தன. பெருங்கூட்டத்தின் முன்னே நின்று, பெர்லினைக் கைவிடக்கூடாது என்று உலகத்தாரை வேண்டினார் ராய்ட்டர். அந்த டிசம்பரில் மேற்கு பெர்லின் மேயரானார். 1949 மே 12-ல் தடை நீங்கியது.

1953 செப்டம்பர் 29-ல் ராய்ட்டர் காலமானார். அன்றிரவு வீட்டு ஜன்னல்களில் மெழுகுவர்த்திகள் எரிந்தன.