சந்தையின் நாடி பார்த்தவர்: சார்ள்ஸ் டவ்

வாணிகம் செய்வார்க்கு முதல் எவ்வளவு இன்றியமையாததோ, உண்மைச் செய்தியும் அவ்வளவு இன்றியமையாதது. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அமெரிக்கப் பங்குச் சந்தையில் அத்தகைய செய்தி எல்லார்க்கும் கிட்டும் பொருளாக இருக்கவில்லை. பல கம்பெனிகள் தம் வரவு செலவைப் பிறர் அறிய வெளியிடுவதில்லை. உள்ளே இருந்தோர் அறிந்து ஆதாயம் பெற்றனர். வெளியே நின்றோர் வதந்தியை நம்பிப் பொருளிழந்தனர். செய்தி எழுதுவோருட் சிலரும் கையூட்டுப் பெற்று, ஒரு பங்கை உயர்த்தியும் இன்னொன்றைத் தாழ்த்தியும் எழுதி வந்தனர். இந்நிலையை மாற்ற முனைந்தோருள் முதல் வரிசையில் வைத்தெண்ணத் தக்கவர் சார்ள்ஸ் ஹென்றி டவ்.

இவர் 1851ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், கனெக்ரிகட் மாநிலத்து ஸ்ரேலிங் என்னும் ஊரில், ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். ஆறு வயதிலே தந்தையை இழந்தார். கல்லூரிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. பத்திரிகை அலுவலகமே அவருக்குக் கல்லூரியாயிற்று. முதலில் ஸ்பிறிங்பீல்ட் நகரிலும், பின்னர் புறொவிடன்ஸ் நகரிலும் நிருபராகப் பணிபுரிந்தார். 1879ஆம் ஆண்டிலே கொலராடோ மாநிலத்தின் லெட்வில் வெள்ளிச் சுரங்கங்களைப் பார்வையிடச் சென்ற முதலாளிமாருடன் அவரும் அனுப்பப்பட்டார். பணம் படைத்தோர் எத்தகைய செய்திக்காக ஏங்குகின்றனர் என்பதை அப்பயணம் அவருக்கு உணர்த்திற்று.

பின்னர் நியூயோர்க் சென்ற டவ், எட்வேர்ட் ஜோன்ஸ், சார்ள்ஸ் பேர்க்ஸ்ட்ரெசர் என்னும் இருவருடன் கூடி, 1882ஆம் ஆண்டு நவம்பரில் டவ் ஜோன்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். டவ் அமைதியும் ஆழ்ந்த சிந்தனையும் உடையவர். ஜோன்ஸ் கணக்கறிக்கைகளைக் கண்ட மாத்திரத்தில் அவற்றின் உட்பொருளை உணரும் ஆற்றல் மிக்கவர். பேர்க்ஸ்ட்ரெசர் தம் பணத்தையும் உழைப்பையும் ஈந்தார். எனினும் கம்பெனியின் பெயரில் அவர் பெயர் இடம்பெறவில்லை.

வோல் வீதி 15ஆம் இலக்கத்தில், சோடாக் கடை ஒன்றின் பின்னால் அமைந்த நிலக்கீழ் அறையே அவர்களுடைய அலுவலகம். பங்குச் சந்தை அதற்கு மிக அண்மையில் இருந்தது. திரட்டிய செய்திகளை மெல்லிய தாள்களை அடுக்கி எழுத்தாணியால் அழுத்தி எழுதுவர். ஒரே முறையிற் பல படிகள் கிடைக்கும். அவற்றைச் சிறுவர்கள் வங்கிகளுக்கும் தரகர் நிலையங்களுக்கும் ஓடியோடிக் கொண்டு சேர்ப்பர். 1883இல் அன்றைய செய்திகளைத் தொகுத்து மாலைக் கடிதம் ஒன்றை வெளியிடலாயினர். அதுவே வளர்ந்து, 1889ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், நான்கு பக்கமும் இரண்டு சத விலையும் கொண்ட வோல் ஸ்ரீற் ஜேர்ணல் என்னும் நாளிதழாயிற்று. 1897இல் தந்திக் கம்பி வழியே செய்தியைப் பொறியில் அச்சிட்டுத் தரும் சேவையும் ஏற்பட்டது.

டவ் செய்த அரும்பணி மற்றொன்று உண்டு. ஒரு பங்கின் விலை ஏறும். இன்னொன்றின் விலை இறங்கும். அவ்வாறாயின் சந்தை முழுவதும் எத்திசையிற் செல்கின்றது? இவ்வினாவுக்கு விடையாக, 1884இல் பதினொரு கம்பெனிகளின் பங்கு விலைகளைக் கூட்டிச் சராசரி கண்டு வெளியிட்டார். அவற்றுள் ஒன்பது புகையிரதக் கம்பெனிகள். 1896 மே 26ஆம் நாள் பன்னிரண்டு கைத்தொழிற் கம்பெனிகளுக்கெனத் தனிச் சராசரி வெளிவந்தது. அதன் முதல் எண் 40.94. கடற்கரையிற் கோல் நாட்டி, அலை எதுவரை ஏறுகின்றது என்று பார்ப்பதற்கு இம்முறையை அவரே ஒப்பிட்டு எழுதினார். ஓரலையைக் கொண்டு கடலின் ஏற்றவற்றத்தை அறிய முடியாது என்பது அவர் கருத்து.

டவ் 1885 முதல் 1891 வரை ஒரு தரகர் நிறுவனத்தின் பங்காளராகவும் பங்குச் சந்தையின் உறுப்பினராகவும் இருந்தார். செய்தி சொல்பவரே சந்தையிலும் இடம் வைத்திருப்பதை இன்றைய பத்திரிகை நெறி ஒப்புக்கொள்ளாது. வரலாறு எழுதுவோர் இதனை மறைத்தல் ஆகாது. ஆயினும், கையூட்டுக்கு இணங்காதவர்கள் என்று டவ்வும் ஜோன்ஸும் பெற்ற நற்பெயரே அவர்களுடைய தொழிலுக்கு முதலாயிற்று. பொய்ச்செய்தி ஒருநாள் விற்பனையாகலாம். வாசகர் மறுநாளும் பணங்கொடுத்து வாங்குவது நம்பத்தக்க செய்தியையே என்பதை அவர்கள் தெளிந்திருந்தனர்.

1899 முதல் டவ் எழுதிய தலையங்கங்கள் பங்குச் சந்தையின் போக்கை ஆராய்ந்தன. அவற்றிலிருந்து பிற்காலத்தார் வகுத்ததே டவ் கோட்பாடு. அவர் தாமாக அப்பெயரில் நூலெதுவும் எழுதவில்லை. 1902ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் நாள், புறூக்ளினில், ஐம்பத்தோராம் வயதில் அவர் காலமானார். அதையொட்டிய காலத்திலேயே கம்பெனி கிளாரன்ஸ் பரன் என்பவர் வசமாயிற்று. 2007இல் அது நியூஸ் கோப்பரேஷன் நிறுவனத்தின் உடைமையாயிற்று. பன்னிரண்டு கம்பெனிகளின் பட்டியல் 1928இல் முப்பதாக விரிந்தது. முதற் பட்டியலில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியும் 2018இல் நீக்கப்பட்டது.

டவ் போட்ட கணக்கு, பள்ளி மாணவன் அறிந்த கூட்டலும் வகுத்தலுமே. புதுமை அக்கணக்கில் இல்லை. சிலருடைய சட்டைப்பையில் இருந்த அறிவை, இரண்டு சதம் கொடுக்கும் எவரும் பெறலாம் என்று ஆக்கியதில் இருந்தது. பிறபொருள்களின் விலையைச் சொல்பவன் தான் விலைபோகலாகாது என்னும் நெறி, செய்தித் தொழிலுக்கு அவர் விட்டுச் சென்ற செல்வமாகும்.