சுவார்ட்ஸ் ஐயர் சொன்ன சொல்

சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நண்பர்கள் கேட்டதும், ஹாஸ்டல் நாட்களைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அதை என்னைவிட நன்றாக எழுத நம் பேட்சிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் இருநூறு வருடங்களுக்கு முன்னால் வாழ்ந்து மறைந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நம் கல்லூரிக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் நம்மைப் படிக்க வைத்தவர்களை நினைத்துப் பார்க்கிற இந்த நாளில் அவரையும் நினைப்பது பொருத்தமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

தஞ்சாவூருக்குப் போனால் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறோம். பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்காவை ஒட்டி ஒரு பழைய சர்ச் இருக்கிறது. 1779-இல் கட்டியது. உள்ளே வெள்ளைப் பளிங்கில் ஒரு சிற்பம். மரணப் படுக்கையில் ஒரு முதிய பாதிரியார். அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் ஒரு ராஜா. இதைச் செய்தவர் லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன். செய்யச் சொல்லிப் பணம் கொடுத்தவர் தஞ்சை சரபோஜி மன்னர். கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்த ஒரு மராட்டிய மன்னர், ஒரு ஜெர்மானியப் பாதிரியாருக்கு ஏன் இப்படி ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும்? அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரையில் கொண்டுவந்து விட்டது.

அந்தப் பாதிரியார் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு அவர் சுவார்ட்ஸ் ஐயர். 1726-இல் பிரஷ்யாவில் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. தாய் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். ஹாலே பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, தமிழ் வேதாகம அச்சு வேலைக்கு உதவியாக இருப்பதற்காக அங்கேயே தமிழ் கற்கத் தொடங்கினார். 1750-இல், 23 வயதில், அப்போது டென்மார்க்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அதற்குப் பிறகு 48 வருடங்கள். ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை.

சில மாதங்களிலேயே தமிழில் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டார். தமிழோடு நிற்கவில்லை. நவாபின் ஆட்களோடு பேசப் பாரசீகமும் இந்துஸ்தானியும், தஞ்சை அரண்மனையில் பேச மராட்டியும் கற்றார். போர்த்துகீசியமும் ஆங்கிலமும் வேறு. யாரிடம் போகிறோமோ அவர்கள் பாஷையில்தான் பேச வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். அடுத்தவர் பாஷையைக் கற்க வருடக்கணக்கில் உட்காருவதும் ஒருவகைக் கொடைதான் என்று நான் நினைக்கிறேன். நேரம் என்பது பணத்தைவிடப் பெரியது அல்லவா!

திருச்சிராப்பள்ளியில் அவர் வாழ்ந்த விதத்தை நேரில் பார்த்த வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்டு வருமானம் சுமார் 48 பவுண்டு. ஒரு கட்டிலைப் போட்டால் தானும் நிற்க மட்டும் இடம் இருக்கிற ஒரு அறை. சோறு, கொஞ்சம் காய்கறி. கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணியில் உடை. பிறகு கம்பெனி பட்டாளத்துக்குக் குருவாகவும் ஆனபோது ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளம் கிடைத்தது. அதில் பாதியைச் சபைக்கே கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் கம்பெனி உத்தியோகத்துக்கு வந்தவர்கள் நாலே வருடத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போன ஊர் இது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1779-இல் சென்னை கவர்னர் ரம்போல்டு, ஐதர் அலியிடம் சமாதானத் தூது போகும்படி இவரைக் கேட்டுக்கொண்டார். ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். ஐதர் மரியாதையாக நடத்தினார். விடைபெறும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து கம்பெனி அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். அவர்கள் வாங்க மறுத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைக்க இதுவே முதல் பணமாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார். ஒரு முஸ்லிம் அரசர் கொடுத்த பணம், ஒரு ஜெர்மன்காரர் கையால், தஞ்சாவூர் அநாதைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தூது என்னவோ பலிக்கவில்லை. அடுத்த வருடமே போர் மூண்டது. ஆனால் ஐதர் தம் படைகளுக்கு ஓர் உத்தரவு போட்டார்: அந்தப் பாதிரியாரை எங்கே பார்த்தாலும் தடுக்காதீர்கள், தொந்தரவு செய்யாதீர்கள் என்று.

போரோடு பஞ்சமும் வந்தது. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் சிப்பாய்களும் ஜனங்களும் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் தெருவில் பிணங்கள். ஐயர், விலை மலிவாக இருந்தபோதே நெல் வாங்கி வைத்திருந்தார். அதை வைத்து முடிந்த மட்டும் கஞ்சி ஊற்றினார். ஆனால் ஒரு கோட்டைக்கே சோறு போட அது எந்த மூலைக்கு?

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. நாட்டுப்புறத்தில் தானியம் இல்லாமல் இல்லை. அதைச் சுமந்து வர மாடுகளும் இருந்தன. ராஜாவும் பணம் தருவதாகச் சொன்னார். ஆனாலும் ஒரு குடியானவன்கூட மாட்டை அனுப்பவில்லை. ஏனென்றால் முன்பு பலமுறை வேலை வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. நான் சைட் இன்ஜினியராக இருந்த ஓர் இடத்தில் இதே கதையைப் பார்த்திருக்கிறேன். மணல் இருந்தது, லாரி இருந்தது, டிரைவர் இருந்தார். பழைய பில்லை மாதக்கணக்கில் இழுத்தடித்ததால் லாரிக்காரர்கள் யாரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கான்கிரீட் போட வேண்டிய நாளில் ஆட்கள் எல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் இருந்தும் நம்பிக்கை இல்லையென்றால் ஒரு செங்கல்கூட நகராது.

கடைசியில் ராஜாவே ஒப்புக்கொண்டார். நம் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள். சுவார்ட்ஸ் ஐயர் சொன்னால் நம்புகிறார்களா என்று பார்ப்போம் என்று. ஐயர், கூலியைத் தம் கையாலேயே கொடுப்பதாக ஊர் ஊராக ஓலை அனுப்பினார். இரண்டு மூன்று நாட்களில் 1,000-க்கும் மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. சீக்கிரத்திலேயே 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. சொன்னபடியே ஒவ்வொருவருக்கும் கூலியை எண்ணிக் கொடுத்து அனுப்பினார்.

பிற்பாடு வரிக் கொடுமை தாங்காமல் நிலத்தைப் போட்டுவிட்டு ஊரைவிட்டே ஓடிய குடியானவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தபோதும் இதே கதைதான். அரசாங்கம் கூப்பிட்டு வராதவர்கள், ஐயர் கூப்பிட்டதும் ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள்.

சிறு வயதில் கேட்ட நல்ல சமாரியன் கதையில் நாம் கவனிக்காமல் விடுகிற ஓர் இடம் உண்டு. அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் தூக்கிக்கொண்டு போய்ச் சத்திரத்தில் சேர்க்கிறான். கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு, மேலே ஆகிற செலவைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான்.  யூதர்கள் தீண்டவும் விரும்பாத ஓர் அந்நியனின் வாய்ச்சொல்லைச் சத்திரக்காரன் நம்ப வேண்டியிருந்தது. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால், சமாரியனின் மனம் எவ்வளவு இளகினாலும் அடிபட்டவன் பிழைத்திருக்க மாட்டான். சுவார்ட்ஸ் ஐயர் கதையும் இதேதான். அவர் கொடுத்த பணம் ரொம்பக் குறைவு. பணம் அவரிடம் இருந்ததே இல்லை. முப்பது வருடமாகச் சொன்ன சொல் தவறாமல் நடந்து, அந்த ஒரு நாளில் ஊருக்காக அவர் செலவழித்தது தம் சொல்லைத்தான்.

அவர் தவறே செய்யாதவர் என்று நான் சொல்லவில்லை. 1787-இல் துளஜா மன்னர் சாகும் தறுவாயில், தத்தெடுத்த பத்து வயதுப் பையன் சரபோஜியை ஐயரிடமே ஒப்படைக்க விரும்பினார். அது தமக்குச் சரிப்படாது என்று ஒதுங்கி, மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் பையனை ஒப்படைக்கும்படி ஐயர் யோசனை சொன்னார். அது பெரிய தப்பாகப் போயிற்று. தத்து செல்லாது என்று சொல்லி அமர்சிங்கே அரியணை ஏறினார். பையனை இருட்டறையில் அடைத்து வைத்தார்கள், படிப்பும் இல்லை. ஐயர் தம் யோசனையால் வந்த வினையைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கம்பெனிக்கு விடாமல் எழுதினார். 1793-இல் பையன் பத்திரமாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டான். அங்கே பாதிரியார் கெரிக்கே படிப்பைக் கவனித்துக்கொண்டார். தத்து செல்லும் என்று பண்டிதர்கள் பிறகு சொன்னதன்பேரில், 1798 ஜூனில் சரபோஜி அரியணை ஏறினார். அதைப் பார்க்க ஐயர் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 13-ஆம் தேதியே கண்ணை மூடிவிட்டார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஐயர் சபையிலேயே சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் அவர் காலத்தில் ஒழியவில்லை. மெல்ல மாறும் என்று விட்டுவிட்டார். அது தானாக மாறவில்லை என்பதை நாம் அறிவோம்.

சரபோஜி, ஐயரின் உடலைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று விரும்பியதால் அடக்கம் சற்றுத் தாமதமானது. வந்து அழுதார். பொன்னாடை போர்த்தினார். கல்லறைக்கல்லில் பொறிக்கத் தாமே ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். ஆனால் மதம் மாறவில்லை. தம் மதத்தைப் பரப்பவே கடல் கடந்து வந்த ஐயர், இத்தனை நெருக்கம் இருந்தும், செய்த உதவிக்கு விலையாக அதைக் கேட்கவில்லை.

சரபோஜியோ, தாம் வாங்கியதைத் தம் வழியில் திருப்பிக் கொடுத்தார். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எழுப்பி வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டார். சரஸ்வதி மகால் நூலகத்தை உலகறியச் செய்தார். ஐயரின் நினைவாகக் கண்ணந்தங்குடியில் 50 ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு உணவும் படிப்பும் கிடைக்க ஏற்பாடு செய்தார். ஒரு கிறிஸ்தவர் இந்துப் பிள்ளையைக் காத்தார். அந்தப் பிள்ளை வளர்ந்து கிறிஸ்தவப் பிள்ளைகளைக் காத்தது. வாங்கியவர் கொடுப்பவராக மாறியதுதான் ஐயரின் கொடை சரியாகப் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம்.

பள்ளிக்கூடக் கதையைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1785 வாக்கில் கம்பெனியின் தஞ்சைப் பிரதிநிதி சல்லிவனோடு சேர்ந்து தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கினார். கம்பெனி ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் கொடுத்தது. ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. பிள்ளைகளை ஏமாற்றி மதம் மாற்றும் வேலை நடக்காது என்பது ஐயரின் உறுதி. அவர் பெயரைத் தாங்கிய ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில்தான், ராமேஸ்வரத்துப் படகுக்காரர் ஒருவரின் மகன் உயர்நிலைப் படிப்பை முடித்தார். பிறகு எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்து, 2002-இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அப்துல் கலாமை நம் இன்ஜினியர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

நண்பர்களே, நம்மில் பலபேருடைய படிப்புக்கு முகம் தெரியாத யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் நம் சாதியைக் கேட்கவில்லை, சாமியைக் கேட்கவில்லை. இந்தச் சந்திப்பில் ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகை பற்றிப் பேச்சு வரும். வழக்கம்போல மேடையில் பெரிய தொகையைச் சொல்லிவிட்டு ஊருக்குப் போய் மறந்துவிடாதீர்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் பரவாயில்லை. சொன்ன தேதியில் கட்டுங்கள். அதை நம்பித்தான் எங்கோ ஒரு பையனோ பெண்ணோ பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.