தன் தவறைத் திருத்திக்கொண்ட எட்வர்ட் ஜென்னர்

பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்டவர் என்று எட்வர்ட் ஜென்னரைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அதற்கு முன்பே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு குயில் குஞ்சு என்பது பலருக்குத் தெரியாது.

1749இல் இங்கிலாந்தின் பெர்க்லி என்ற சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து, அண்ணனின் ஆதரவில் வளர்ந்தார். லண்டனில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவரிடம் பயின்றபின், சொந்த ஊருக்கே திரும்பி வைத்தியம் பார்த்தார். அத்துடன் பறவைகளையும் கவனித்து வந்தார்.

நம்மூர்க் குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுவதைப் போல, அங்குள்ள ஒரு வகைக் குயில் மிகச் சிறிய பறவைகளின் கூட்டில் முட்டையிடும். சில நாட்களில் அந்தக் கூட்டில் குயில் குஞ்சு மட்டுமே மிஞ்சியிருக்கும். மற்றவை எங்கே போயின? கூட்டுக்குச் சொந்தமான பறவையே அவற்றை வெளியேற்றுகிறது என்று ஜென்னர் கருதினார். அப்படியே எழுதி, ராயல் சொசைட்டி என்ற அறிஞர் சபைக்கு அனுப்பியும் விட்டார்.

1787 ஜூன் 19 அன்று ஒரு கூட்டில் நடந்ததை அவரே நேரில் பார்த்தார். பொரிந்து அதிக நேரமாகாத குயில் குஞ்சு, கூட்டிலிருந்த மற்றொரு குஞ்சைத் தன் முதுகில் ஏற்றி, பின்பக்கமாக நகர்ந்து மேலேறி வெளியே தள்ளியது. சுமையைத் தாங்குவதற்கென்றே அதன் முதுகில் ஒரு குழிவு இருந்தது. சுமார் 12 நாட்களில் அக்குழிவு மறைந்துவிடுவதையும் அவர் குறித்துக்கொண்டார்.

உடனே முந்தைய கட்டுரையைத் திரும்பப் பெற்று, திருத்தி எழுதினார். அது 1788இல் வெளியானது. மறு ஆண்டே அச்சபையின் உறுப்பினரானார். ஆனாலும் அடுத்த நூற்றாண்டிலும் பலர் அதை நம்ப மறுத்தனர். பின்னாளில் இக்காட்சி படம்பிடிக்கப்பட்டபோது அவர் சொன்னதே உண்மையென உறுதியானது.

தனியாக இருக்கும் அந்தக் குஞ்சு எப்படிப் போதிய இரை பெறுகிறது என்பதையும் பிற்கால ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கூடு நிறையக் குஞ்சுகள் கத்துவதுபோல அது ஒன்றே விடாமல் கத்துகிறது. வளர்க்கும் பறவை ஏமாந்து, ஓயாமல் ஊட்டுகிறது.

இதே கூர்ந்த கவனிப்புதான் 1796இல் தடுப்பூசிக்கும் வழி காட்டியது. 1823இல் ஜென்னர் காலமானார்.

வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா அல்ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. நாமோ கைப்பேசியில் வந்ததை அப்படியே பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். பொய்யென்று தெரிந்த பிறகும் அந்தப் பத்துப் பேரிடம் அதைச் சொல்வதில்லை. ஆலிம்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல. ஒரு குருவிக் கூட்டைப் பற்றிய தவறைக்கூட ஜென்னர் அப்படியே விட்டுவிடவில்லை. ஒரு மனிதரின் மானத்தைப் பற்றி நாம் பரப்பிய தவறை எப்படி விட்டுவிட முடியும்?

தவறை ஒப்புக்கொள்ளும் துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.