தந்தை மந்திரி! மகள் எதிர்க்கட்சி!

பார்லிமெண்டில் ஆளும் கட்சி வரிசையில் தந்தை. எதிர்க்கட்சி வரிசையில் மகள்!

1957-ம் ஆண்டு தேர்தலில் இந்த அதிசயம் நடந்தது. தந்தை திருச்செங்கோட்டில் காங்கிரஸ் சார்பில் வென்றார். மகள் பார்வதி கோவையில் கம்யூனிஸ்டு கட்சி சார்பில் வென்றார். 1959-ல் தந்தை மத்திய மந்திரியும் ஆனார்.

அந்தத் தந்தைதான் டாக்டர் ப.சுப்பராயன்.

கலப்பு மணம்

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் அவர். பிறந்தது 1889-ல். சென்னையில் படித்தார். பிறகு சீமைக்குப் போய் ஆக்ஸ்போர்டிலும் படித்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல்-மந்திரியாக இருந்தார்.

அவர் மணந்தது மங்களூர் ராதாபாயை. சாதி வேறு, மொழி வேறு. ராதாபாயும் சாதாரணப் பெண் அல்ல. 1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் இந்தியப் பெண்களுக்காகக் கலந்துகொண்டவர்.

தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தேர்ந்தெடுத்த பெற்றோர் அவர்கள்.

நான்கு பிள்ளைகள்

மூன்று மகன்கள்; ஒரு மகள். மூத்தவர் பரமசிவ பிரபாகர் ராணுவத்தில் சேர்ந்தார். கோபால் தொழில் நிர்வாகத்துக்குப் போனார். மோகன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும், பார்வதி ஆக்ஸ்போர்டிலும் படித்தார்கள்.

படிக்கப்போன இடத்தில் மோகனும் பார்வதியும் பொதுவுடைமைவாதிகள் ஆனார்கள். ஜமீன் வீட்டுப் பிள்ளைகள், ஜமீனே ஒழிய வேண்டும் என்ற கட்சியில்!

சோதனை

1939-ல் மோகன் பாரிஸ்டராகத் திரும்பினார். கோர்ட்டில் பணம் சேர்க்கவில்லை. கட்சி வேலையில் இறங்கினார். 1941-ல் சென்னை சதி வழக்கில் சிறை சென்றார்.

1947-ல் ஓமந்தூரார் மந்திரிசபையில் உள்துறை தந்தையிடம் வந்தது. கம்யூனிஸ்டுகள் மீது அடக்குமுறை பாய்ந்த காலம் அது. சட்டம்-ஒழுங்கு தந்தை கையில். பெற்ற பிள்ளைகள் எதிர்ப்பக்கம்.

தந்தை தம் கட்சியை விடவில்லை. பிள்ளைகளும் தங்கள் கொள்கையை விடவில்லை.

தானாக வந்த மகன்

1962-ல் மராட்டிய மாநில கவர்னராக இருந்தபோது சுப்பராயன் காலமானார். மூத்த மகன் 1966-ல் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி ஆனதை அவர் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் பார்க்கவில்லை. மோகன் பின்னாளில் காங்கிரசில் சேர்ந்தார். 1971-ல் மத்திய மந்திரி ஆனார். 1973-ல் விமான விபத்தில் உயிரிழந்தார்.

தந்தையின் கட்சிக்கு மகன் வந்தது, தந்தை கண் மூடிய பிறகு. கட்டளைக்குப் பணிந்து அல்ல, தானாக யோசித்து!

கல்லூரிக்கு அனுப்பிய பிள்ளை வேறு மனிதனாகத் திரும்பினால் எந்தப் பெற்றோருக்கும் வலிக்கும். சொந்தக் காலில் நிற்கும் பிள்ளையை வளர்ப்பதற்குக் கொடுக்கும் விலை அது.